கேரவன் வாங்கணுமா, கடற்கரையைப் பார்க்கணுமா?

போன வீடியோவுல ரெண்டு நிமிஷம் மட்டும் பேசிட்டு விட்ட விஷயத்தை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். வீடியோன்னா அஞ்சாவது நிமிஷத்துல எல்லாரும் ஸ்கிப் பண்ணிடுவீங்க. இங்க கணக்கை நின்னு நிதானமா பார்க்கலாம்.

ஒரு மாசம் முன்னாடி ஒரு கணவன் மனைவி தர்மபுரி ஆபீசுக்கு வந்தாங்க. ரெண்டு பேருக்கும் முப்பதுக்குள்ள வயசு. அவர் பாலக்கோடு பக்கம், ஓசூர்ல ஒரு ஃபேக்டரில வேலை. அவங்க ஐ.டி. ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கைக்கு வர்றது மாசம் 1,05,000 ரூபாய். ரிட்டர்ன் ஃபைல் பண்ணத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன். அவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்ஸெல் ஷீட்டைக் காட்டினார். முதல் வரியில "நம்ம கேரவன்"னு இருந்தது.

பிளான் இதுதான். ஒரு பெரிய வேன், 13 லட்சம். அதுக்குள்ள படுக்கை, சின்ன கிச்சன், டாய்லெட், மேல சோலார் எல்லாம் செஞ்சு மாத்த 7 லட்சம். மொத்தம் 20 லட்சம். அதுல இந்தியக் கடற்கரை முழுசும் துண்டு துண்டா போறது. முதல்ல நம்ம தமிழ்நாடு, அடுத்த வருஷம் கன்னியாகுமரியில ஆரம்பிக்கிற NH 66-ஐப் பிடிச்சு கேரளா, கர்நாடகா, கோவா வழியா பன்வெல் வரைக்கும், அதுக்கடுத்து சென்னையிலிருந்து NH 16-ல ஒடிசா, கொல்கத்தா. "ஹோட்டல் செலவே இல்லண்ணா. வண்டியும் நம்ம அசெட்டா நிக்கும்"னு சொன்னார்.

ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆனா "அசெட்"ங்கிற அந்த வார்த்தை மட்டும் ஒரு சி.ஏ. காதுல விழுந்தா சும்மா இருக்க முடியாது.

அவங்க கையிருப்பு 4,60,000. அதுல 4 லட்சத்தை முன்பணமா போடுறாங்க. வேனுக்கு 2 லட்சம் போக மீதி 11 லட்சம் வண்டிக் கடன், 10 சதவீத வட்டி, 7 வருஷம். மாசத் தவணை 18,261. உள் வேலைக்கு 2 லட்சம் போக 5 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 5 வருஷம். தவணை 11,634. ரெண்டும் சேர்த்து 29,895. கடைசி வரைக்கும் கட்டி முடிச்சா வட்டி மட்டும் ஏறக்குறைய 6,32,000 ரூபாய்.

இப்போ நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வருஷத்துக்கு எத்தனை ராத்திரி இந்த வண்டில தூங்குவீங்க?" ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. லீவை எல்லாம் கூட்டிப் பார்த்தா, பொங்கல் தீபாவளிக்கு ஊருக்குப் போறது, சொந்தக்காரங்க கல்யாணம், காய்ச்சல் எல்லாம் போக, 20 நாள். அதுவும் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மேனேஜர் ஓகே சொல்லணும்.

வருஷத்துக்கு தவணை 3,58,740. இன்ஷூரன்ஸ், வரி, சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் 60,000னு வெச்சுக்குங்க (குறைச்சுதான் வெச்சிருக்கேன்). மொத்தம் 4,18,740. அதை 20 ராத்திரியால வகுத்தா ஒரு ராத்திரிக்கு 20,937 ரூபாய். டீசல் போடல, டோல் போடல, சாப்பாடு போடல, போட்ட 4 லட்சம் முன்பணத்தையும் சேர்க்கல. அந்தக் காசுக்கு கடலைப் பார்த்த மாதிரி பால்கனி வெச்ச ரூம்லயே படுத்துக்கலாம். துண்டு துவைச்சும் குடுப்பாங்க.

மீதி 345 நாள் அந்த வண்டி ஓசூர்ல வாடகை வீட்டு வாசல்ல நிக்கணும். ஓசூர் தெரு அகலம் தெரிஞ்சவங்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

அப்புறம் அசெட். வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசில ஐ.டி.வி.ன்னு ஒரு தொகை போட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. வண்டி முழுசா போச்சுன்னா கம்பெனி அதிகபட்சமா குடுக்கிற மதிப்பு அது. அதுக்கு ஒரு தேய்மானப் பட்டியல் இருக்கு. வாங்கி ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம் கழிப்பாங்க, ஒரு வருஷத்துக்குள்ள 15, ரெண்டு வருஷத்துக்குள்ள 20, மூணு வருஷத்துக்குள்ள 30, நாலு வருஷத்துக்குள்ள 40, அஞ்சு வருஷத்துக்குள்ள 50. உங்க கடன் 7 வருஷம். வண்டி மதிப்பு பாதியா ஆன பிறகும் ரெண்டு வருஷம் தவணை கட்டிக்கிட்டிருப்பீங்க. பிசினஸ் பண்றவர்னா தேய்மானத்தைச் செலவா காட்டி வரியில கொஞ்சம் மீட்கலாம். சம்பளக்காரருக்கு அந்த வழியும் கிடையாது.

"நாங்க போகாத நாள்ல வாடகைக்கு விட்டுடுவோம்ணா"ன்னார். நிறைய பேர் சொல்ற பதில் இது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட முடியாது. வாடகை வண்டியா பதிவு பண்ணணும், பெர்மிட் வேற, வரி வேற, இன்ஷூரன்ஸ் பிரீமியம் வேற. அதுக்கும் முன்னாடி, வேனை கேரவனா மாத்துறதே ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி. புக்குல பதிவு பண்ண வேண்டிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படிச்சுப் பாருங்க. பட்டறைல செஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிட்டு கிளம்பினா, ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சிக்கலாகும். உள்ள கேஸ் அடுப்பு வெச்ச வண்டி வேற.

இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கும்போது அவங்க மெதுவா, "அண்ணா, நான் இப்போ ரெண்டு மாசமா பெஞ்ச்ல இருக்கேன்"னாங்க. பிராஜெக்ட் முடிஞ்சு போச்சு, அடுத்தது இன்னும் வரல. அவர் எக்ஸெல் ஷீட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். அந்த ஷீட்ல அவங்க சம்பளம் 84 மாசத்துக்கும் ஒரே மாதிரி நிரப்பப்பட்டிருந்தது. முன்பணம் போக மீதி கையிருப்பு 60,000. ரெண்டு தவணைக்குப் பிறகு ஒன்னும் இருக்காது.

இதுவரைக்கும் படிச்சா "சி.ஏ.ன்னாலே இப்படித்தான், எதுக்கும் வேணாம்னு சொல்லுவாங்க"ன்னு தோணும். நான் அப்படித்தான் இருந்தேன். அதை மாத்தினது எங்க அம்மாவோட முழங்கால்.

நான் பென்னாகரம் பக்கம். சின்ன வயசுல ஒகேனக்கல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. தண்ணி சத்தம் புதுசு இல்ல. ஆனா கடலை நான் முதல்ல பார்த்தது சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு சென்னை போனப்போ, 21 வயசுல. தமிழ்நாட்டுல 14 கடலோர மாவட்டம் இருக்கு. அதுல எதுவும் எங்களுக்கு எல்லை இல்ல. எங்க அப்பா பட்டுப்புழு வளர்த்தார். புழு வெச்ச வீட்டை ஒரு நாள் பூட்டிட்டுப் போக முடியாது. தழை போடணும், நேரத்துக்குக் கூட்டை எடுத்து தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டு போகணும். "இந்த ஈடு முடியட்டும், ராமேஸ்வரம் போலாம்"னு வருஷா வருஷம் சொல்லுவார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, நான் சம்பாதிச்சு, 2022-ல அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். வழியெல்லாம் ஈரக் கல்லு. மூணாவது தீர்த்தத்துல அம்மா உட்கார்ந்துட்டாங்க. "மிச்சத்தை நீ ஊத்திக்கிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்"னாங்க. காசு இருந்தது, கார் இருந்தது. முழங்கால் இல்ல.

கொச்சி கடவந்திராவுல ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்னு ஒரு சின்ன டீக்கடை நடத்தின விஜயன், மோகனா தம்பதியை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. டீ வித்த காசுல ஒரு நாளைக்கு 300 ரூபாய் எடுத்து வெச்சு, போதாததுக்குக் கடன் வாங்கி, 26 நாடு சுத்தினவங்க. 2007-ல முதல் வெளிநாட்டுப் பயணம். 2021 அக்டோபர்ல கடைசியா ரஷ்யா. அடுத்த மாசமே விஜயன் காலமானார், 71 வயசு. அவங்க கடன் வாங்கி ஊர் சுத்தினாங்கன்னு சொல்லி என்கிட்ட வாதம் பண்றவங்க உண்டு. ஆமா, வாங்கினாங்க. என் ரூல் புக்குல அது தப்பு. ஆனா கடன் வாங்கினது பயணத்துக்கு மட்டும். திரும்பி வந்து கடையில நின்னு வருஷக் கணக்கா அடைச்சு, அதுக்குப் பிறகுதான் அடுத்த பயணம். வாசல்ல நின்னு விலை குறைஞ்சுக்கிட்டே போற பொருள் எதையும் அவங்க வாங்கல. தினம் 300ன்னா வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்னைக்குத்தான் நான் பேங்க்ல ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சேன். மாசம் 5,000, ரெண்டு வருஷம், 6.5 சதவீதம். பேர் "கடல்". முடிவுல கையில 1,28,000 சொச்சம்.

2025 ஜனவரில நானும் என் மனைவியும் பெங்களூர்ல ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். நாமே ஓட்டுற மாதிரி. வரி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 9,500. (எனக்குச் சொன்ன விலை அது. சீசன், வண்டி பொறுத்து மாறும், மூணு இடத்துல கேளுங்க.) ஜனவரி ஏன்னா, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை. புயல் நேரத்துல அங்க வண்டில தூங்குறது சாகசம் இல்ல, முட்டாள்தனம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரைல மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீன் கிடைக்கிறது குறைவு, விலையும் ஏறும். மீனுக்காகவே போறவங்க அதையும் பார்த்துக்குங்க.

புதுச்சேரி போய் அங்கிருந்து தெற்கே. கடலூர், பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்பளம், அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. அங்கிருந்து NH 44-ல ஏறினா நேரா எங்க ஊர். எட்டு நாள், ஏழு ராத்திரி, சுமார் 1,750 கிலோமீட்டர்.

வீடியோவுல யாரும் காட்டாத ரெண்டு மூணு விஷயம். முதல்ல டாய்லெட். அந்தத் தொட்டியை நீங்கதான் கழட்டி, நீங்கதான் காலி பண்ணணும், அதுக்கு ஒரு இடத்தையும் நீங்கதான் தேடணும். ரெண்டாவது, நிறுத்த இடம். கேரளா 2021-லயே "கேரவன் கேரளா"ன்னு கொள்கை கொண்டு வந்தாங்க. அங்க முதல் கேரவன் பார்க் வந்தது வாகமண்ல. மலை மேல, கடற்கரையில இல்ல. நாங்க போன வழியில அப்படி ஒன்னு எங்க கண்ணுல படல. கடல் ஓரத்துல நினைச்ச இடத்துல நிறுத்தித் தூங்கலாம்னு நினைக்காதீங்க. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டுவார், அவர் தட்டுறதும் நியாயம்தான். தனுஷ்கோடியில இருட்டுறதுக்குள்ள வெளியே வந்துடணும். கடைசில நாங்க ஏழு ராத்திரில ரெண்டு ராத்திரி பெட்ரோல் பங்க்ல லாரிகளுக்கு நடுவுல, மீதி லாட்ஜ் வளாகத்துல. ரூம் எடுக்காம வண்டிக்கு இடமும் ஒரு பிளக் பாயின்டும் குடுங்கன்னு கேட்டா முதல்ல ஒரு மாதிரி பார்ப்பாங்க, அப்புறம் 500, 600 வாங்கிக்குவாங்க. பிளக் இல்லாம ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடாது.

செலவு. வாடகை 76,000. டீசல் 17,900. டோல் 3,000. நிறுத்துறதுக்கும் கரண்டுக்கும் 3,500. சாப்பாடு 9,000. பிச்சாவரம் படகு, நுழைவுச் சீட்டு, சில்லறை 1,600. வண்டி மேல ஒரு வேப்பங்கிளை உரசினதுக்கு வாடகைக்காரர் டெபாசிட்ல பிடிச்சது 4,000. கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி வீடியோ எடுத்த நான், கூரையை எடுக்கல. பக்கவாட்டுல இருந்த பழைய கீறலுக்கு ஆதாரம் இருந்தது, மேல இருந்ததுக்கு இல்ல. ஏணி போட்டு எடுங்க. மொத்தம் 1,15,000. ஆர்.டி. பணத்துக்குள்ளயே முடிஞ்சது.

இதே வழியை எங்க பழைய கார்ல போய், சுமாரான லாட்ஜ்ல 2,200 வாடகைக்குத் தங்கியிருந்தா? ரூம் 15,400, பெட்ரோல் 11,000, டோல் 3,000, சாப்பாடு 10,000. நாப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். அதாவது கேரவன் கிட்டத்தட்ட மூணு மடங்கு. "ஹோட்டல் காசு மிச்சம்"ங்கிறது பொய். ரூம் வாடகை 15,400-ஐ மிச்சம் பிடிக்க 76,000 வண்டி வாடகை குடுத்திருக்கேன். இதை நான் சிக்கனம்னு உங்களுக்கு விக்க மாட்டேன். எனக்கு அது ஆடம்பரம். தெரிஞ்சேதான் செஞ்சேன், ரெண்டு வருஷம் அதுக்குன்னே காசு சேர்த்து வெச்சு செஞ்சேன். தரங்கம்பாடியில 1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டைக்கு எதிர்ல, காலையில அஞ்சரை மணிக்கு வண்டிக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு என் மனைவி டீ போட்டாங்க. யாரும் இல்ல. அந்த ஒரு டீக்கு எவ்வளவுன்னு என்னால வகுத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை.

பூம்புகார்ல காவிரி கடல்ல சேர்ற இடத்துக்கும் போனோம். ஒகேனக்கல்ல பாறையை உடைக்கிற மாதிரி சத்தம் போடுற ஆறு, அங்க ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி, அலைக்குப் பக்கத்துல சத்தமே இல்லாம கிடந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "இதுவா நம்ம காவேரி?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

வரி பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா எல்லாரும் கேட்பீங்க. உங்க சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா மட்டும் அதுக்கு விலக்கு உண்டு. புது முறையில கிடையாது. நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணம். 2022 முதல் 2025 வரை ஒரு பிளாக், 2026 முதல் 2029 வரை அடுத்தது. முந்தின பிளாக்ல விட்டுப்போன ஒரு பயணத்தை 2026-லயே போயாகணும், அதுக்குப் பிறகு அது காலாவதி. இந்தியாவுக்குள்ள போற பயணச் செலவு மட்டும்தான் கணக்கு. சாப்பாடு, தங்குற செலவு வராது. ரயில் போற ஊருக்கு நீங்க ரோட்டுல போனாலும், குறுக்கு வழி தூரத்துக்கு முதல் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம்தான் உச்சவரம்பு. கேரவன் வாடகை 76,000-ஐ அப்படியே எச்.ஆர்.கிட்ட நீட்டாதீங்க.

அந்த ஓசூர் தம்பதிகிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். இந்த வருஷமே போங்க. அவங்களுக்கு அடுத்த பிராஜெக்ட் வந்ததும் எட்டு நாள் வாடகைக்கு எடுத்துப் போங்க. கையிருப்புல இருந்து ஒரு லட்சத்தை எடுத்தாலும் மூணரை லட்சத்துக்கு மேல மிச்சம் இருக்கும், அஞ்சு மாச வீட்டுச் செலவு தாங்கும். ஏழு ராத்திரி தூங்கி, நாலு தடவை அந்தத் தொட்டியை காலி பண்ணிட்டு வந்து, அப்பவும் வண்டி வாங்கணும்னு தோணினா அந்த எக்ஸெல் ஷீட்டை எடுத்துக்கிட்டு வாங்க, நான் ஃபீஸ் வாங்காம உட்கார்ந்து பார்க்கிறேன். அவங்க உடனே சரின்னாங்க. அவர் தலையாட்டினார், ஆனா கண்ணு லேப்டாப்லயே இருந்தது.

நேத்து ராத்திரி அவர்கிட்ட இருந்து வாட்ஸ்அப். "அண்ணா, கோயம்புத்தூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கேரவன் 9 லட்சத்துக்கு வருது. போய்ப் பார்க்கலாமா?" ஆர்.சி. புக்குல என்ன வகைன்னு போட்டிருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. போட்டோ இன்னும் வரல.